வழி போட்ட தரை

கம்பளத்தைக் கிழித்தெடுத்தபோதுதான் தெரிந்தது, நாற்றம் கம்பளத்தில் மட்டும் இல்லை என்று. அடியில் போட்டிருந்த பஞ்சு விரிப்பு மூலையில் ஊறிக் கறுத்திருந்தது. தொட்டால் பிய்ந்து கையோடு வந்தது. தையல்காரி மூச்சை அடக்கிக்கொண்டு அதைச் சுருட்டினாள். மறுமுனையைப் பிடித்திருந்த அவள் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் டிப்போவில் மெக்கானிக் அவன்.

"நாள் முழுக்க டீசல்ல குளிக்கிற ஆளு. இதுக்கு மூஞ்சத் திருப்பறீங்க."

"டீசல் டீசலா நாறும். இது எங்க அண்ணன்டி."

சுருட்டியதை இருவரும் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் மழையில் போட்டார்கள்.

அண்ணன் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் வெல்டர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டோடு இருந்துவிட்டார். கொஞ்ச காலமாகப் புத்தி நழுவிக்கொண்டிருந்தது. முதலில் பேர்கள் போயின. அப்புறம் கிழமைகள். போன மழைக்காலத்திலிருந்து, கூடத்து மூலைதான் கழிவறை என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. கூடத்தைத் தாண்டினால் நிஜமான கழிவறை. அங்கே போகும் வழியில் எங்கேயோ அவருக்கு ஞாபகம் அறுந்துவிடும்.

சென்ற முறை நாத்தனார், மெக்கானிக்கின் அக்கா, வந்தபோது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். மருந்துக்கடையில் வேலை பார்த்துப் பார்த்து, எந்த வியாதி எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவள்.

"ஒரு மனுஷன வெச்சிருக்கற இடமா இது? உன்மேல தப்பு சொல்லல. உன்னால முடியல, அவ்ளோதான். எனக்குத் தெரிஞ்ச முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியாகுது. ஞாயித்துக்கிழமை வரேன். பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அந்தப் 'பாத்துட்டு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தையல்காரி வேலையில் இறங்கினாள்.

வெல்டரை அனுப்பிவிட அவளுக்கே எத்தனையோ நாள் ஆசை வந்ததுண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நாத்தனாரின் கைக்குட்டையைப் பார்த்ததும் அவளுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் கணவன் முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்துவிட்டான். அவள் திரைச்சீலைக் கடையில் இரண்டு வேளை வேலை பார்த்தாள். வீட்டில் துணி துவைத்துக் காயப்போட்டவர் இந்த மனிதர்தான். தம்பி பெண்டாட்டியின் உள்பாவாடையைக் கொடியில் உதறிப் போடுவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவள் வெட்கத்தில் செத்தாள். "மாமா, அத மட்டும் விட்டுடுங்க" என்று கெஞ்சினாள். அவர், "துணிக்கு என்னம்மா வெக்கம்? ஈரமா இருந்தா காயணும்" என்று அடுத்த துணியை உதறினார்.

கம்பளம் இனி வேண்டாம், ஊறும். ஓடு பதிக்க ஆள் தேடினால் ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிடும். கீழே இருக்கும் கான்கிரீட் தரைக்கே சாயம் ஏற்றிவிடலாம் என்றாள் அவள். அவள் வேலை செய்யும் கடையில் அப்படித்தான் இருந்தது. கடுந்தேநீர் நிறத்தில், இடத்துக்கு இடம் ஆழம் மாறி, பளபளவென்று. தையல் மிஷினிலிருந்து தலை நிமிரும்போதெல்லாம் அவள் கண் அந்தத் தரையில்தான் போய் நிற்கும். இப்படி ஒரு தரை நம் வீட்டில் இருந்தால் என்று நினைத்திருக்கிறாள். வெல்டருக்காகத்தான் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டாலும், ஆசை அவளுடையதும்தான்.

"சிமெண்ட்டுத் தரையா? கார் ஷெட்டு மாதிரி இருக்கும்" என்றான் மெக்கானிக்.

"கார் ஷெட்டுலதான் உங்களுக்குத் தூக்கம் நல்லா வரும்."

சுவரோரம் கம்பளத்தைப் பிடித்திருந்த ஆணிப் பட்டைகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். பழைய பசை தரையோடு தரையாக இறுகியிருந்தது. மண்டியிட்டுச் சுரண்டினார்கள். கல்லில் நார் உரிக்கிற வேலை. விரிசல்களில் கலவை அடைத்துக் காயவிட்டு, வாடகைக்கு எடுத்துவந்த அரைக்கும் மெஷினை மெக்கானிக் ஓட்டினான். வீடு முழுக்க மாவு மில் மாதிரித் தூசி. அவன் புருவம் நரைத்துக் கிழவனானான். ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள் அவள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பசை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். உறிஞ்சிக்கொண்டால் தரை தயார்.

"இங்க நிக்குது பாருங்க. இன்னொரு தடவை."

"போதும்டி. என் முதுகும் தரைதான்னு நினைச்சியா?"

"சாயம் திட்டுத் திட்டா நின்னா உங்க அக்கா என்ன சொல்லுவாங்க?"

அக்கா பேரைச் சொன்னதும் அவன் மெஷினைத் திருப்பினான்.

இத்தனை நாளும் வெல்டரைக் கூடத்துக்கு விடவில்லை. அவர் அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அந்த வழியாக முற்றத்துக்குக் கூட்டிவந்து, சுற்றிக்கொண்டு, சமையலறைப் பக்கமாகக் கழிவறைக்கு அழைத்துப் போனார்கள். அவரும் முனகாமல் வந்தார்.

சாயம் அடித்த அன்று காலையிலிருந்தே தூறல். அமிலம் கலந்த சாயம் அது. சும்மா மேலே பூசுகிற பெயிண்ட் இல்லை, சிமெண்ட்டைக் கடித்து உள்ளே இறங்கி நிறமாக மாறும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, முகமூடி, ரப்பர் கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு அவள் வாசல் மூலையிலிருந்து ஆரம்பித்தாள். பட்ட இடத்தில் தரை சிறு நுரை விட்டுச் சீறியது. கண் எரிந்தது. மெக்கானிக்கிடம் ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தாள்: அண்ணனோடு முற்றத்துத் தாழ்வாரத்தில் இருங்க. உள்ளே விடாதீங்க.

பாதிக் கூடம் நனைந்திருந்தபோது உள் அறைக் கதவு திறந்தது. வெல்டர் வெறுங்காலோடு நின்றார்.

"மாமா! நில்லுங்க! கால வெக்காதீங்க!"

முகமூடிக்குள்ளிருந்து அவள் குரல் குழறலாகத்தான் வந்தது. அவர்பக்கம் ஓடவும் முடியாது, நடுவில் ஈரம். தெளிப்பானைக் கீழே போட்டால் கொட்டும். வெல்டர் தரையைப் பார்த்தார். நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு அடிகூட எடுத்து வைக்காமல், கீழே பார்த்தபடியே நின்றார். பின்னாலிருந்து மெக்கானிக் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டி இழுத்துப் போனான். நல்ல வேளை என்று நினைத்தாள் அவள். அதற்கு மேல் நினைக்க அப்போது நேரமில்லை.

சாயம் முழுவதும் அடித்து முடித்த பிறகுதான் முற்றத்துக்குப் போய்க் கத்தினாள்.

"ஒரே ஒரு வேலை! ஒரு மனுஷனப் பாத்துக்க முடியல உங்களால?"

"டிப்போலருந்து போன் வந்துச்சு. அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாரு."

"கால் வெந்திருந்தா? உங்க அக்காகிட்ட என்ன சொல்றது?"

"என்ன சொல்றது? எங்களால முடியலன்னு சொல்றது." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "எனக்கு வேலைல மனசு நிக்கல. பிரேக் மாட்டும்போது இவரு ஞாபகம். ஒருநாள் நான் ஒரு போல்ட்ட மறந்தா அந்தப் பஸ்ஸுல இருக்கறவங்க கதி? அக்கா சொல்றது தப்பில்லைன்னு எனக்குத் தோணுது. சொன்னா நீ என்னை மனுஷனாவே மதிக்கமாட்ட."

அவள் கையுறையைக் கழற்றினாள். மதிக்காமல் இல்லை என்று சொல்ல நினைத்தாள். குனிந்து வெல்டரின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சமையல் சோடா கலந்த தண்ணீரை ஊற்றி அமிலத்தை அடக்கினார்கள். பழுப்புச் சேறு மாதிரிக் கழிவு வழிந்தது. வாளி வாளியாகக் கழுவித் துடைத்தார்கள். சேறு போனதும் அடியில் நிறம் வந்தது. தேன், காய்ந்த இலை, கடுந்தேநீர் என்று ஓடி, அங்கங்கே தட்டளவுக்கு வட்டமாகக் கறுத்திருந்தது. முன்பு ஈரம் இறங்கியிருந்த இடங்கள் சாயத்தை அதிகமாகக் குடித்துவிட்டன போலும். அவளுக்கு அந்தக் கறுப்புகள்தான் அழகாகப் பட்டன. மேலே மெழுகிய மாதிரி மினுங்கும் பூச்சை உருளையால் இரண்டு முறை உருட்டினாள். மழையால் காயவே மாட்டேன் என்றது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஒட்டாமல் விட்டது. ஜன்னல் வெளிச்சம் தரையில் நீளமாகப் படுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதன்மேல் செருப்பில்லாமல் சும்மா நடந்தாள்.

நாத்தனார் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். கைக்குட்டை கையிலேயே இருந்தது. மூக்கை ஒரு முறை உறிஞ்சினாள். அப்புறம் கைக்குட்டையைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நீயா பண்ணின?"

"ரெண்டு பேருந்தான் அண்ணி."

"ஹோட்டல் மாதிரி இருக்கு." மெதுவாக நடந்து பார்த்தாள். "ஆனா தரையப் பாக்க நான் வரல. அண்ணனக் கூப்பிடு. எல்லாரும் உக்காந்து சாப்பிடுவோம். அவர் எப்படி இருக்காருன்னு நான் பாக்கணும்."

மேஜையில் ரொட்டியும் முட்டையும் கஞ்சியும் இருந்தன. தையல்காரி வெல்டரின் அறைக்குப் போனாள். சலவைச் சட்டை போட்டுத் தலை சீவி உட்கார வைத்திருந்தாள் அவரை. காலையில் கொடுத்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு, "வாங்க மாமா, தங்கச்சி வந்திருக்காங்க" என்று நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

மணிக்கட்டில் இரும்புப் பிடி விழுந்தது. டம்ளர் தெறித்து உருண்டது.

"போகாத!"

"மாமா, வலிக்குது..."

"போகாதன்னு சொல்றேன்ல!"

இரண்டு கையாலும் அவளைப் பின்னுக்கு இழுத்தார். வருஷக்கணக்கில் இரும்பைப் பிடித்த கை. புத்தி போனாலும் பலம் போகவில்லை. அவள் முதுகு கதவில் மோதியது. நாத்தனார் அலறினாள். மெக்கானிக் பாய்ந்து வந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். வெல்டர் தோளால் அவனையும் முட்டித் தள்ளினார். அவன் விழுந்து எழுந்தான். எழுந்தபோது அவன் கை ஓங்கியிருந்தது.

"விடுண்ணே! விடலைன்னா..."

"அடிக்காதடா!" நாத்தனார் கூடத்திலிருந்து கத்தினாள். "இதுக்கு மேல என்ன பாக்கணும்? இன்னிக்கு இவ கை, நாளைக்கு இவ கழுத்து. நான் இப்பவே போன் பண்றேன். நாளைக்குக் காலைல கொண்டுபோய் விட்டுடலாம்."

கைப்பைக்குள் போனைத் துழாவினாள். மெக்கானிக்கின் ஓங்கிய கை இறங்கவும் இல்லை, விழவும் இல்லை.

தையல்காரிக்கு மட்டும் வெல்டரின் முகம் மிக அருகில் இருந்தது. அதில் கோபத்தைக் காணவில்லை. வியர்த்துக் கொட்டியது. கண் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது. முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மாமா? என்ன சொல்றீங்க?"

"மூடி எங்க?" என்றார் அவர். "யார்ரா மூடியக் கழட்டினது? அங்க ஒண்ணு. அங்க ஒண்ணு. வெளிச்சம் போட்டுட்டுக் கழட்டக் கூடாதா?"

"அண்ணி, ஏதோ மூடிங்கறாரு. மூடியக் கழட்டிட்டாங்களாம்."

நாத்தனாரின் கை கைப்பைக்குள்ளேயே நின்றது.

"என்ன சொன்ன?"

"மூடி. வெளிச்சம் இல்லைங்கறாரு."

நாத்தனார் தரையைப் பார்த்தாள். கறுத்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐயோ" என்றாள். "அது கப்பல் தளம். நான் அப்போ ஸ்கூல் போயிட்டிருந்தேன். தம்பி சின்னப் பையன், அவனுக்குத் தெரியாது. ஒருநாள் அண்ணன் வேலைலருந்து பாதியிலயே வந்துட்டாரு. சோத்துல கை வெக்கல. தளத்துல வட்டமா தொளை இருக்குமாம், கீழ ஆழமான தொட்டி. யாரோ மூடிகளக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. இருட்டு. இவரு பாத்துட்டாரு. கூட வந்தவங்களையெல்லாம் கையப் பிடிச்சு நிறுத்திட்டாரு. ஒரு பையன் மட்டும்..." கறுத்த வட்டம் ஒன்றைப் பார்த்தாள். "அவன் முன்னாடியே போயிட்டான். தொட்டிக்குள்ள."

மெக்கானிக்கின் கை தானாகக் கீழே வந்தது.

தையல்காரிக்கு மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. சாயம் அடித்த அன்று அவர் நிலைப்படியில் கையை ஊன்றி நின்றது ஞாபகம் வந்தது. இத்தனை ஆசையாகத் தேய்த்துத் தேய்த்துத் தான் வரவழைத்தது அவருக்கு என்னவாகத் தெரிகிறது என்று புரிந்ததும் அழுகை வந்தது. அழ நேரமில்லை. இழுப்பதை நிறுத்திவிட்டு, பிடித்திருந்த கைமேல் மறு கையை வைத்தாள்.

"நான் போகல மாமா. எங்கெங்க இருக்குன்னு காட்டுங்க. மூடி போட்டுடலாம்."

பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஒரு விரல் நீண்டது.

"அது."

"அண்ணி, எதையாவது எடுத்து அங்க போடுங்க. தட்டையா எதையாவது."

நாத்தனார் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். பானை மூடியோடு வந்து மண்டியிட்டு, காட்டிய இடத்தில் வைத்தாள். அடுத்ததற்குத் தட்டு. அதற்கடுத்து அட்டைப்பெட்டியைக் கிழித்த துண்டு. மெக்கானிக் கொல்லையிலிருந்து பழைய பஸ் சக்கர மூடி ஒன்றைத் தூக்கிவந்தான்.

"இதுக்குத்தான் வெச்சிருந்தேன்னு சொல்லிடாதீங்க" என்றாள் தையல்காரி. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"இறுக்கமா போடு" என்று வெல்டர் அவனை அதட்டினார். "ஆட்டம் இருக்கக் கூடாது."

"இறுக்கமாத்தான் இருக்குண்ணே."

கூடம் முழுக்கப் பாத்திரக் கடை பரப்பிய மாதிரி ஆனது. வெல்டர் ஒவ்வொன்றையும் குதிகாலால் தட்டிப் பார்த்து, தையல்காரியின் கையை விடாமல், ஓரடி ஓரடியாகக் கூடத்தைக் கடந்தார். கழிவறைக் கதவைப் பார்த்ததும், "இங்கதான் இருக்கா!" என்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மூன்று பேரும் வெளியே நின்றார்கள்.

சாப்பிட்ட பிறகு நாத்தனார் முற்றத்தில் நின்று போன் பேசினாள். திரும்பி வந்து தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, பையிலிருந்து களிம்பை எடுத்துத் தடவினாள்.

"இந்த வாரம் வேணாம்னு சொன்னேன். என்னிக்கும் வேணாம்னு சொல்லல. புரியுதா? இது கூடும், குறையாது. நான் பாத்திருக்கேன்."

"தெரியும் அண்ணி."

"உன் புருஷன் பாதி ஆளா ஆயிட்டான். அதையும் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"சரி. ஞாயித்துக்கிழமை எல்லாம் இனி நான் வரேன். அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது வெளிய போயிட்டு வாங்க."

அன்று மாலை தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே மெக்கானிக் சொன்னான்: "தினமும் பாத்திரம் பரப்ப முடியாது. மெஷினத் திரும்ப எடுத்துட்டு வந்து சாயத்தத் தேய்ச்சு எடுக்கணும். ஆனா நீ ஆசப்பட்டுப் பண்ணினது."

அவள் தரையைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது இன்னும் அழகாக இருந்தது. கொஞ்சம் கோபம்கூட வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

"எல்லாத்தையும் வேணாம். அவரு நடக்கற வழிய மட்டும் எடுத்துடுங்க. ரூம்லருந்து கழிவறை வரைக்கும், அங்கருந்து மேஜை வரைக்கும். நல்லா அகலமா."

கோடு போட்டுக் கொடுத்தாள். அவன் மெஷினை ஓட்டினான். பூச்சு முதலில் உருண்டு சுருண்டது. பிறகு தேன் நிறம் போனது, இலை நிறம் போனது, கறுப்பு வட்டங்கள் பிறை பிறையாகத் தேய்ந்து மறைந்தன. பழைய வெளிர்சாம்பல் எழுந்து வந்தது. அவள் வெளியே போகவில்லை. பக்கத்திலேயே நின்று தூசியைக் கூட்டி அள்ளினாள். "இங்க இன்னும் கறுப்பு தெரியுது" என்று அவளே காட்டினாள். மேலே பளபளப்பில்லாத பூச்சாகப் பார்த்து வாங்கி அவளே அடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தபோது வெல்டரைக் கூப்பிட்டார்கள். நிலைப்படியில் நின்று தரையை நெடுநேரம் பார்த்தார். பழுப்புத் தரையின் நடுவே சாம்பல் வழி நேராக ஓடியது. குதிகாலால் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.

"வழி போட்டாச்சா?"

"போட்டாச்சு மாமா."

"யாரும் தனியாப் போகக் கூடாது" என்றார். கூடத்தில் நின்றிருந்த மூன்று பேரையும் அறைப் பக்கம் வரச் சொன்னார். மறுபேச்சில்லாமல் வந்தார்கள். முதலில் தங்கையின் கையைப் பிடித்து மேஜை வரைக்கும் கூட்டிப்போய் விட்டார். திரும்பி வந்து தம்பியை அழைத்துப் போனார். பிறகு தையல்காரியை. அவள் மணிக்கட்டில் அவர் பிடியால் கன்றிப் பச்சையாக இருந்த இடத்தை விட்டு, முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

மேஜையில் சோறும் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. வெல்டர் உட்காரவில்லை. வந்த வழியே திரும்பிப் போய் நிலைப்படியில் நின்றார். அறைக்குள் பார்த்தார். வெளியே பார்த்தார்.

"உக்காருங்கண்ணே" என்றான் மெக்கானிக்.

"இன்னும் ஒருத்தன் வரணும்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரி எழுந்து சாம்பல் வழியில் நடந்து அவரிடம் போனாள்.

"அவன் முன்னாடியே வந்துட்டான் மாமா."

"வந்துட்டானா?"

"வந்துட்டான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

வெல்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சை விட்டார், தோள் இரண்டும் தணியும் அளவுக்கு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட வந்தார்.